49 வயதோடு முடியும் பதிவேடு

9 பிப்ரவரி 2025

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை அவர் சொற்களிலேயே முதலில் தருகிறேன்: "சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே. மருந்தும் ஒன்றுதான். பிரசவத்துக்கு அரசு ஏற்கெனவே எவ்வளவோ செலவழிக்கிறது. பிறகு, பெண்கள் உடல்நல ஆய்வுக்கென்று தனியாகப் பணம் வேண்டும் என்று எதற்குக் கேட்கிறீர்கள்?"

34 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவள் நான். இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாது. நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

10 பிப்ரவரி 2025

அண்ணாச்சி, மருந்து ஒன்றாக இருக்கலாம். அது எல்லா உடம்பிலும் ஒரே வேலையைச் செய்கிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்பிரினையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாரடைப்பை அது தடுக்குமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களை வைத்துப் பெரிய ஆய்வொன்று நடந்தது. 1989-இல் முழு முடிவு வந்தபோது, மாரடைப்பு 44 சதவீதம் குறைந்திருந்தது. அந்த 22,071 பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஆனாலும் அந்த முடிவை எல்லோருக்கும் பொருந்துவதாகவே மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. பிறகு அமெரிக்க அரசின் பணத்தில் 39,876 பெண்களைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களிடம் ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைக் குறிப்பிடும்படியாகக் குறைக்கவில்லை. பக்கவாதத்தைத்தான் ஓரளவு குறைத்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதுவரை பெண்களுக்கு எழுதப்பட்ட ஆஸ்பிரின் எல்லாம் ஆண்களின் கணக்கை நம்பி எழுதப்பட்டதுதான்.

தூக்க மாத்திரையிலும் இப்படித்தான் நடந்தது. சோல்பிடெம் என்ற மருந்து அமெரிக்காவில் 1992-இல் ஒப்புதல் பெற்றது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்பதால், காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் இரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-இல்தான். இருபது ஆண்டுகளாகப் பெண்கள் இரட்டிப்பு அளவை விழுங்கியிருக்கிறார்கள்.

கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 1977-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தீங்கு வந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த தடைதான் அது. 1993-இல் அதை நீக்கினார்கள். அதே ஆண்டில், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

12 பிப்ரவரி 2025

ஆஸ்பிரினைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஆண்களுக்குக் கொடுத்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 325 மில்லிகிராம். பெண்களுக்குக் கொடுத்தது 100 மில்லிகிராம். ஆகவே இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஆண் பெண் வேறுபாட்டால் வந்தது என்று நான் எழுதியது போலத் தோன்றினால், அது கூடாது. 65 வயதைக் கடந்த பெண்களுக்கு மாரடைப்பிலும் பலன் இருந்தது. நான் சொல்ல வந்தது, பெண்களைச் சேர்த்த பிறகுதான் இத்தனை நுணுக்கமும் வெளியே வந்தது என்பதை மட்டுமே.

16 பிப்ரவரி 2025

"பிரசவத்துக்கு எவ்வளவோ செலவழிக்கிறார்களே" என்று அண்ணாச்சி சொன்னது உண்மை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பாப்பாக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுப் பிரசவம் சாதாரணம். ஓய்வு பெறும்போது வீட்டுப் பிரசவம் என்று ஒன்று நடந்தால் அதற்கு விளக்கம் எழுதித்தர வேண்டிய நிலை வந்திருந்தது. அந்த மாற்றம் தானாக வந்ததல்ல.

ஆனால் எங்கள் கையில் இருந்த பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அதன் பெயர் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மனைவிக்கு 15 முதல் 49 வயது வரை இருந்தால்தான் அந்தக் குடும்பம் அதில் இடம்பெறும். எத்தனை குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, என்ன கருத்தடை முறை என்று கட்டம் கட்டமாக எழுதுவோம். 50 பிறந்ததும் சிவப்பு மையால் ஒரு கோடு. அந்தப் பெயருக்கு அப்புறம் எங்கள் ஏட்டில் இடமில்லை.

என் சித்தியின் பெயரை நானேதான் அடித்தேன். 2006-ஆம் ஆண்டு. திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஏட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எம் பேர எதுக்கு அடிக்க?" என்று கேட்டாள். "ஒனக்கு அம்பது ஆயிட்டு சித்தி" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த இலையை எடுத்தாள்.

அவளுக்கு அப்போது முட்டிவலி இருந்தது, மூச்சிரைப்பு இருந்தது, மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதில் எதற்கும் என் ஏட்டில் கட்டம் கிடையாது.

17 பிப்ரவரி 2025

49-க்குப் பிறகு பெண்ணை யாருமே எண்ணுவதில்லை என்ற பொருளில் நேற்று எழுதியது மிகை என்று மைனி ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அவள் சொன்னது சரி. 45 வயதுக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்க்கும் முதுமை ஆய்வு ஒன்று இந்தியாவில் நடக்கிறது. 2017-18-இல் நடந்த அதன் முதல் சுற்றில் 72,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். நம் சுகாதார அமைச்சகத்தோடு அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனமும் அதற்குப் பணம் கொடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அளந்தார்கள்.

ஆனால் அதே குடும்பநல ஆய்வில், உட்கார வைத்து விரிவாகக் கேள்வி கேட்பதற்கான வயது பெண்களுக்கு 49-இல் முடிகிறது. ஆண்களுக்கு 54 வரை போகிறது.

2 மார்ச் 2025

பணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பணத்தை விட்டு விலகிப் போகிறேன் என்று ஒருவர் குறை சொன்னார். சரி, எண்களுக்கு வருகிறேன்.

2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் சுகாதார அமைச்சகத்துக்கு மொத்தம் 99,858.56 கோடி ரூபாய். அதில் சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு 3,900.69 கோடி. அதாவது, நூறு ரூபாயில் நான்கு ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அந்தத் துறையிலிருந்துதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருக்குப் பணம் போகிறது. காசநோய், மலேரியா, புற்றுநோய், ஊட்டச்சத்து எல்லாம் அந்தக் குடையின் கீழ்தான். பெண்களின் உடலை நேரடியாகத் தன் பொருளாகக் கொண்ட நிறுவனம் மும்பையில் இருக்கிறது. 1970-இல் தொடங்கியது. அதன் இன்றைய பெயரே இனப்பெருக்கம் மற்றும் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் என்பதுதான். நல்ல வேலை செய்கிற நிறுவனம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயரைக் கவனியுங்கள். பெண் என்ற சொல் அதில் இல்லை. இனப்பெருக்கமும் குழந்தையும் இருக்கின்றன. என் ஏட்டின் கட்டங்களும் அவைதாம்.

செல்வந்த நாட்டிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2013 முதல் 2023 வரை செலவிட்ட ஆய்வுப் பணத்தில் 8.8 சதவீதம்தான் பெண்கள் உடல்நலத்துக்குப் போனது என்று அந்நாட்டு அறிவியல் கழகங்களின் குழு 2024 டிசம்பரில் கணக்கிட்டுச் சொன்னது. இதற்கென்றே தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது.

நம் ஊரில் இப்படி ஒரு கணக்கை நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று எடுத்து ஆண்டுதோறும் பொதுவில் வைத்தால், அதுவே பாதி வேலை. மேலே கொடுத்ததைப் போல் மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசுவது?

15 மார்ச் 2025

நேற்றைய தமிழக நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்ததும் மனம் நிறைந்தது. இந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கிற ஆய்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவற்றில் ஒன்று நம்மிலிருந்து வெகு தொலைவில் நடந்ததல்ல.

திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள். ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் பரிசோதனை செய்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிற இடம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பது. அதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-இல் முடிவு வெளியானது: புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. அதன் பிறகு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக அரசே பரிசோதனையைத் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. பயிற்சிக்கு அனுப்பப்பட்ட அன்று, இந்த முறை திண்டுக்கல் பெண்களிடம் நிரூபிக்கப்பட்டது என்று பயிற்றுநர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தடுப்பூசியின் கதை இன்னும் விசித்திரமானது. மூன்று தவணை நல்லதா, இரண்டு தவணை போதுமா என்று ஒப்பிட இந்தியாவில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 2010-இல், ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தைப் பற்றிய சர்ச்சையால், அரசு இத்தகைய ஆய்வுகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது. பல சிறுமிகள் ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு தவணையே, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் உடம்பில் நிலைத்துத் தங்குவதை 95 சதவீதம் வரை தடுக்கிறது என்று 2021-இல் தெரியவந்தது. உலக அளவில் ஒற்றைத் தவணைக்கு வழி திறந்ததில் நம் நாட்டுச் சிறுமிகளின் பங்கு பெரிது.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் பெரும்பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். இரண்டுக்கும் கேட்ஸ் அறக்கட்டளை.

16 மார்ச் 2025

திண்டுக்கல் ஆய்வை நேற்று ஒரே பாராட்டாக எழுதிவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. 114 தொகுதிகளில் பாதிக்குப் பரிசோதனை என்றால், மீதிப் பாதி? அந்த ஊர்களில் வழக்கமாகக் கிடைத்த மருத்துவம் மட்டும்தான். வழக்கமாகக் கிடைத்ததில் இந்தப் பரிசோதனை இல்லை. மும்பையிலும் மராட்டியத்தின் உஸ்மானாபாத்திலும் இதே வகையில் நடந்த ஆய்வுகளைப் பற்றியும் இந்தக் கேள்வி எழுந்து, அறவியல் பேசுகிறவர்கள் கடுமையாக எழுதினார்கள். மும்பை ஆய்வுக்கு அமெரிக்க அரசின் பணம். கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் இருக்கும் நாட்டின் பணத்தில், இங்குள்ள பெண்களில் ஒரு பாதியைப் பரிசோதிக்காமல் விட்டு ஒப்பிட்டார்கள்.

நான் இதை இரண்டு பக்கமும் நின்று யோசித்துவிட்டேன். ஆய்வு நடக்காதிருந்தால் எந்தத் தொகுதிக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது என்பது ஒரு வாதம். அந்த வாதத்துக்கு இடம் வந்ததே நம் அரசு அதுவரை பரிசோதனையை எங்கும் கொண்டுபோகாததால்தான் என்பது எனக்குத் தோன்றும் பதில். நம் பணத்தில், நம் அறவியல் குழுவின் முன்னால், பரிசோதிக்கப்படாத ஊருக்கும் முடிவில் கட்டாயம் பரிசோதனை உண்டு என்ற உறுதியோடு நடந்திருந்தால், நேற்று எழுதிய பாராட்டை நான் தயங்காமல் எழுதியிருப்பேன்.

27 ஏப்ரல் 2025

நாற்பது நாளுக்குப் பிறகு வருகிறேன். பேத்திக்குக் காது குத்து, அலைச்சல்.

இந்த வாரச் செய்தியைப் பார்த்தீர்களா? விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வின் வட்டார மையங்களுக்கான ஒப்பந்தங்களை முடித்துக்கொள்வதாக அமெரிக்க அரசு சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆய்வு என்ன செய்தது என்பதை அண்ணாச்சிக்குச் சொல்ல இதுவே சமயம்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முதல் பெண் தலைவரான பெர்னடின் ஹீலி 1991-இல் அதைத் தொடங்கிவைத்தார். 50 முதல் 79 வயது வரையிலான 1,61,808 பெண்கள். வயதைக் கவனியுங்கள்: என் சிவப்புக் கோடு விழுகிற இடத்தில் அந்த ஆய்வு தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று அன்று பலரும் நம்பினார்கள். இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்த பிரிவில், வெற்று மாத்திரை பெற்றவர்களையும் சேர்த்து 16,608 பேர் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் இரத்தக்கட்டியும் இதய நோயும் அதிகரிப்பதைக் கண்டு, 2002 ஜூலையில் அந்தப் பிரிவைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். இடுப்பெலும்பு முறிவு குறைந்தது என்பதும் அதில் தெரிந்தது.

நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் மாத்திரை தீங்கு செய்கிறதா என்று இத்தனை பெரிய அளவில், இத்தனை ஆண்டுகள் செலவழித்துப் பார்க்க எந்த மருந்து நிறுவனத்துக்கு அவசரம் இருக்கும்? அரசுப் பணம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

11 மே 2025

சோதனையில் பெண்களைச் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2021 மே மாதம். இரண்டாம் அலை. என் பகுதியில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, மாமியாரோடு துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து, "அக்கா, நான் ஊசி போடலாமா?" என்று கேட்டாள். கொரோனா தடுப்பூசிகளின் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. ஆகவே அவர்களுக்குப் போடக் கூடாது என்பது அன்றைய உத்தரவு. கர்ப்பிணிகளுக்குப் போடலாம் என்ற அனுமதி வந்தது 2021 ஜூலை 2-இல். அதற்குள் அவளுக்குப் பிரசவமே ஆகிவிட்டது. அவளும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த மே மாதத்தில் அவள் கேட்ட கேள்விக்குத் தரத் தகுந்த பதில் என்னிடம் இல்லை.

பணகுடிப் பக்கம் என் தங்கை வீடு. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினை எரித்துப் பார்க்கும் நாளில் அங்கே வரை முழக்கம் கேட்கும். தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்காத எஞ்சினை மேலே அனுப்புவதில்லை என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குச் செலவழிப்பதை நான் வாழ்த்துகிறேன். அந்தப் பொறுமையும் பணமும் கர்ப்பிணிக்குக் கொடுக்கிற மருந்துக்கும் வேண்டும்.

1 ஜூன் 2025

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1970 முதல் நாடு முழுக்கக் கொடுக்கிறோம். 2019-21 ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அரை நூற்றாண்டாகக் கொடுத்தும் ஏன் இப்படி?

ஒரு வீட்டில் கர்ப்பிணியின் அம்மா கூரை மாற்றும்போது எரவாணத்தில் செருகியிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஆறு அட்டை, பிரிக்காமல், புகை படிந்து. மகளைக் கேட்டேன். குமட்டல், வயிற்றுப் பொருமல், கருப்பாகப் போகிறது என்ற பயம். "தின்னாத்தான் மயக்கம் வருது, தின்னாட்டா நல்லா இருக்கேன்" என்றாள். என் ஏட்டில் அவள் 180 மாத்திரையும் பெற்றவள். பெற்றவளா என்பதற்குக் கட்டம் இருந்தது. விழுங்கினாளா என்பதற்கு இல்லை.

தினமும் கொடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் குடல் இரும்பை நன்றாக உறிஞ்சுகிறது என்று, சுவிட்சர்லாந்தில் இரும்புக் குறைவுள்ள இளம்பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. எரவாணத்து அட்டையைப் பார்த்த அன்றே எங்களில் யாராவது ஒருத்தி எழுதியனுப்பி, யாராவது ஒருவர் பணம் கொடுத்திருந்தால், இந்தக் கேள்வியை நாங்களே கேட்டிருக்கலாம். சோறும் கீரையும் புளிக்குழம்பும் சாப்பிடுகிற, கொக்கிப்புழுவும் இருக்கிற நம் பெண்ணின் குடலில் அது எப்படி நடக்கிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

22 ஜூன் 2025

சித்தியைப் பற்றி பிப்ரவரியில் பாதியில் விட்டுவிட்டேன். பலர் கேட்டுவிட்டார்கள்.

2013-ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள், முதுகும் தாடையும் வலிக்கிறது, வேர்க்கிறது, குமட்டுகிறது என்றாள். நெஞ்சுவலி என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள். மருத்துவமனையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்ள என்னால் முடியாது. அவர்களிடம் போவதற்கு முந்தின இரவு, எனக்கும் வாயு என்றுதான் பட்டது. ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தது நான். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, சில வேளை அது முன்னே தெரியாமலே, மூச்சிரைப்பும் குமட்டலும் முதுகுவலியும் தாடைவலியும் வருவது ஆண்களைவிட அதிகம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

அவள் 12 வயதிலிருந்து பீடி சுற்றினாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். புகையிலைத் தூள் அவள் விரல் நுனிகளில் ஏறி, கழுவினாலும் போகாத பழுப்பாக நின்றது. முந்தானையை உதறினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தும்மல் வரும். ஒரு பீடிகூடப் புகைக்காதவள். 45 ஆண்டுகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போன புகையிலை அவள் இதயத்தை, நுரையீரலை, கர்ப்பத்தை என்ன செய்தது?

புகையிலைப் பயிருக்கென்று ராஜமுந்திரியில் மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1947-லேயே வந்துவிட்டது. தொழில்சார் நோய்களுக்கு ஐசிஎம்ஆர் நிறுவனம் அகமதாபாத்தில் இருக்கிறது. புகையிலைத் தொழிலாளரைப் பற்றி அங்கே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976-இல் சட்டம் போட்டு வசூலித்துவந்த தீர்வை, 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது நின்றுபோனது. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பாவூர்ச்சத்திரத்திலும் மேலப்பாளையத்திலும் திண்ணைக்குத் திண்ணை சுளகு இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுளகு வைத்திருப்பவளை 20 வயதில் சேர்த்து 70 வயது வரை தொடர்ந்து பார்க்கிற ஓர் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது, அண்ணாச்சி? இடமும் ஆளும் இருக்கிறது. பணமும், 49-இல் நிற்காத ஏடும்தான் வேண்டும்.

29 ஜூன் 2025

சித்தியின் தெருவுக்குப் போன வாரம் போனேன். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி நானே கட்டம் போட்டிருந்தேன்: வயது, எத்தனை வயதில் சுளகு பிடித்தாள், ஒரு நாளைக்கு எத்தனை பீடி, மாதவிடாய் எப்போது நின்றது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது. இது ஆய்வு ஆகாது என்பது எனக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்குக் கொடுக்கப் போகிற மனுவோடு, கேள்வி என்ன என்பதைக் காட்ட மட்டுமே.

11 வீடுகள் முடிந்தன. ஏழாவது வீட்டில் 71 வயது ஆச்சி, நான் கேட்டு முடிக்கும்வரை கை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில், "எம் பேர எழுதிட்டியா?" என்றாள். எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தன் அப்பா பெயரின் தலையெழுத்து தவறு என்று திருத்தச் சொன்னாள். திருத்திவிட்டேன்.